பார்ப்போர் விருப்பமும் காட்சியின் தரமும்

டெலிவிஷனில் 'ரியாலிட்டி ஷோ' என்ற பெயரால் நடத்தப்பெறும் காட்சிகள் வரவரக் கீழ்த்தரமாகி வருகின்றன என்று கண்டிக்காத பெரிய மனிதர் இல்லை. கண்டித்துவிட்டு, இரவானதும் அதே காட்சியின் முன் உட்காருகிறவர்களும் அவர்களில் உண்டு. ஜனங்கள் கேட்பதையே கொடுக்கிறோம் என்கிறார்கள் காட்சி நடத்தும் முதலாளிகள். கொடுப்பதையே பார்க்கிறோம் என்கிறார்கள் ஜனங்கள். இவ்விரு வாதங்களில் எது எவ்வளவு மெய் என்பதை இங்கிலாந்தில் 2007-ம் வருஷத்தில் நடந்த ஒரு விஷயத்தைக் கொண்டு ஆராய முற்படுகிறோம்.

'பிக் பிரதர்' என்னும் காட்சி 1999-ல் ஹாலந்து தேசத்தில் பிறந்தது. மறுவருஷம் இங்கிலாந்துக்கு வந்தது. நம் தமிழிலும் 2017 முதல் நடந்துவருவது இதன் வழித்தோன்றலே. சிலரை ஒரு வீட்டில் அடைத்து, இரவும் பகலும் காமிராக்களால் படம் பிடித்துக் காட்டுவார்கள். வீட்டைவிட்டு யாரை வெளியேற்றுவது என்பதைப் பார்க்கிற ஜனங்கள் தங்கள் வாக்கினால் தீர்மானிப்பார்கள். ஆகவே இங்கே பார்ப்பவன் வெறும் பார்வையாளனல்லன், ஜூரியுமாவான். நியாயஸ்தலத்தில் ஜூரிக்குப் படி கொடுப்பது வழக்கம். இங்கிலாந்தில் இந்த ஜூரியோ டெலிபோன் கட்டணம் செலுத்தித் தீர்ப்புக் கூறிவந்தான்!

2003-ல் அங்கே அந்த வீட்டில் அமைதியான மனிதர்கள் அமைந்துவிட்டார்கள். சண்டையில்லை; சச்சரவில்லை. சப்பென்றிருக்கிறதென்று ஜனங்கள் அலுத்துக்கொண்டார்கள். பார்ப்போர் தொகையும் இறங்கிற்று. அடுத்த வருஷம் 'பிக் பிரதர்' கொடியவனாகப் போகிறான் என்று நிர்வாகிகளே விளம்பரம் செய்தார்கள். 2004 ஜூன் மாதத்தில் ஒருநாள் இரவு அவ்வீட்டில் கைகலப்பு மூண்டு, காவலர்கள் உட்புகுந்து விலக்கவேண்டியதாயிற்று. அமைதியைத் தண்டித்தவர்கள் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. 2007 ஜனவரியில் பிரபலஸ்தர்களுக்கென்று நடத்தப்பட்ட காட்சியில் நமது தேசத்து நடிகை குமாரி ஷில்பா ஷெட்டி கலந்துகொண்டார். உடனிருந்த வெள்ளைக்கார ஸ்திரீகள் சிலர் அவருடைய உச்சரிப்பைப் பரிகசித்தார்கள். பெயரைச் சரியாகச் சொல்ல மறுத்தார்கள். அவர்களில் ஒருவரான மிஸ் ஜேட் கூடி, ஷெட்டி என்பதற்குப் பதிலாக 'பப்படம்' என்று பட்டம் சூட்டினார். குழம்பில் போடும் ருசிக்கட்டியைப் பற்றி எழுந்த சச்சரவு பெருங்கூச்சலில் முடிந்தது. பாட்னாவில் நிர்வாகிகளின் கொடும்பாவி கொளுத்தப்பட்டது. அச்சமயம் இந்தியாவில் விஜயம் செய்துகொண்டிருந்த பிரிட்டிஷ் நிதிமந்திரி கார்டன் பிரவுன், தாம் வந்த காரியத்தை விட்டு இதற்குச் சமாதானம் சொல்ல நேர்ந்தது.

ஒலிபரப்புக் கண்காணிப்பு ஸ்தாபனமாகிய 'ஆஃப்காம்' சுமார் 44,500 புகார்களைப் பெற்றது. அந்த ஸ்தாபனத்துக்கு அதற்குமுன் எந்தக் காட்சியைப் பற்றியும் அத்தனை புகார்கள் வந்ததில்லை. ஆனால் அதே நாட்களில் அக்காட்சியைப் பார்ப்போர் தொகை குறைந்ததா? இல்லை, பல லக்ஷம் உயர்ந்தது! கடிதத்தில் ஒரு வாக்கு, டெலிவிஷன் பெட்டியைத் திருகுவதில் இன்னொரு வாக்கு என்று ஜனங்கள் இரண்டு வாக்குகள் அளித்தார்கள். இரண்டும் ஒன்றற்கொன்று முரணானவை. கடிதம் எழுதியவர்கள் எல்லோரும் பெட்டியை அணைத்தவர்களல்லர் என்று கொள்வதில் தவறில்லை. இழிவு கண்டு கொதித்தது உண்மை. அடுத்து என்ன நடக்குமோ என்னும் ஆவலும் உண்மையே. காட்சி வியாபாரிக்கு இவ்விரண்டில் பின்னதே போதும்.

பிறகு வியாபாரியை அசைத்தது எது? காட்சிக்கு ஆதரவாளராக இருந்த டெலிபோன் கம்பெனி, 'கார்போன் வேர்ஹவுஸ்', ஜனவரி 18-ந் தேதி விலகிக்கொண்டது. தன் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஏச்சு ஒலிப்பதை அது விரும்பவில்லை. மறுநாள் வெளியேற்ற வாக்கெடுப்பில் 100-க்கு 82 பேர் மிஸ் ஜேடுக்கு விரோதமாக வாக்களித்தார்கள். வாசலில் கூடி ஆரவாரிக்கும் கூட்டம் அன்று அனுமதிக்கப்படவில்லை. அந்த வாக்குகளால் வந்த லாபத்தைத் தர்மத்துக்குக் கொடுப்பதாகச் 'சானல் 4' அறிவித்தது. குமாரி ஷில்பா முடிவில் வெற்றிபெற்றார். மே மாதத்தில் ஆஃப்காம், சானல் விதிகளை மீறியதென்று தீர்ப்பளித்து, அதைச் சானலிலேயே அறிவிக்கும்படி உத்தரவிட்டது. ஜூன் மாதத்தில் தொடங்கிய அடுத்த காட்சியில் ஒரு பெண் நிறத்தைக் குறிக்கும் இழிசொல் ஒன்றை உச்சரித்தாள், அன்றிரவே வெளியேற்றப்பட்டாள். ஜனவரியில் வாரக்கணக்காகப் பொறுக்கப்பட்டது ஜூனில் ஒரு இரவும் பொறுக்கப்படவில்லை. மனிதர்கள் ஐந்து மாதத்தில் திருந்திவிடவில்லை. சகித்துக்கொள்வதற்கு ஆகும் செலவு ஏறிவிட்டது.

மிஸ் ஜேடைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரை உண்டாக்கியவர்களும் இதே ஜனங்கள்தாம். 2002-ல் முதன்முதல் அவ்வீட்டினுள் சென்றபோது, தம் தேசத்திலேயே உள்ள கிழக்கு ஆங்கிலியாவை அந்நிய நாடென்று நினைத்தவர் என்று ஊரே அவரைக் கண்டு சிரித்தது. பத்திரிகைகள் பன்றி என்று கூசாமல் எழுதின. பிறகு அதே அறியாமையை ரசித்து அவரைச் செல்வந்தராக்கினார்கள். படியாத வாய்த்துடுக்குக்கே காசு என்று ஐந்து வருஷம் ஒருவருக்குக் கற்பித்துவிட்டு, ஆறாவது வருஷம் அவர் வாய்த்துடுக்காகப் பேசினார் என்று அதிசயப்பட்டது நமக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. அவர் சொன்னதை நாம் மன்னிக்கச் சொல்லவில்லை. குற்றவாளிக் கூண்டில் அவர் ஒருவரை மாத்திரம் நிறுத்தியதையே குறிப்பிடுகிறோம்.

2008 ஆகஸ்டில் அவர் நம் நாட்டின் 'பிக் பாஸ்' காட்சிக்கு வந்தார். அதை நடத்தியவர் குமாரி ஷில்பாவே! அங்கே இருக்கும்போதுதான் கருப்பை வாயில் புற்றுநோய் என்ற செய்தி அவருக்கு எட்டிற்று. 2009 மார்ச் 22-ந் தேதி, தமது 27-வது வயதில் அவர் இறக்கும்வரை காமிராக்கள் அவரை விட்டு அகலவில்லை, ஜனங்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பார்த்தவர்களில் ஸ்திரீகள் பலர் வைத்தியசாலைக்குச் சென்றார்கள். 2008-ன் நடுவிலிருந்து 2009-ன் நடுவுக்குள் இங்கிலாந்தில் அந்நோய்க்கான பரிசோதனை வழக்கத்தைவிட 4 லக்ஷத்துக்கு மேல் அதிகமாக நடந்ததென்று பின்னர் கணக்கிட்டார்கள்.