பெற்றோல் வரி: கொடுப்பது யார், பெறுவது யார்?

"நாங்கள் வரி கட்டுகிற ஆட்கள் இல்லை, சுவாமி. அது கொழும்பில் உள்ளவர்களின் பிரச்சினை." இடம்பெயர்ந்த கமக்காரர் கூட்டங்களில் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. வருமான வரியைப் பொறுத்தவரை இது சரியாக இருக்கலாம். ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு லீற்றர் பெற்றோல் வாங்கும்போதும், உழவு இயந்திரத்துக்கு டீசல் அடிக்கும்போதும் நாம் வரி செலுத்துகிறோம். அது விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் நமது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாடசாலை, வைத்தியசாலை, பஸ் சேவை ஆகியவற்றுக்குப் பணம் தேடும் அரசாங்கங்கள் எரிபொருள் வரியைக் கூட்ட நினைப்பது வழக்கம். இது நியாயமா? சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அரசாங்கம் ஏன் இந்த வரியை விரும்புகிறது?

வருமானத்தை மறைக்கலாம். எரிபொருளை அப்படி மறைக்க முடியாது. அது கப்பலில் வந்து ஒரு சில இடங்களில் இறங்குகிறது. அங்கேயே கணக்கெடுத்து வரியை அறவிடலாம். விலை கூடினாலும் மக்களால் பாவனையை உடனே நிறுத்த முடியாது. எனவே பணம் நிச்சயமாக வந்து சேரும்.

நமது நாட்டில் 2024 ஜனவரி 1 முதல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் 18 வீத பெறுமதி சேர் வரி விதிக்கப்பட்டது. இதன் பொருள் என்ன? இந்த வரிக்கு முன் ஒரு லீற்றரின் விலை 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வரி 54 ரூபா. உலகச் சந்தையில் விலை ஏறி அந்த 300 ரூபா 400 ஆனால், வரியும் 72 ரூபாவாகிறது. விலையேற்றத்தோடு வரியும் ஏறும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் வரியே வேண்டாமா?

அப்படிச் சொல்வதும் தவறு. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் குறைந்தன. பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் 2021இல் அரசாங்க வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 10 வீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. 2022இல் நாடு கடனைச் செலுத்த முடியாமல் நின்றது. வைத்தியசாலைகளில் மருந்து இல்லாமற் போயிற்று. வரிக் குறைப்பு மட்டுமே இதற்குக் காரணமன்று. ஆயினும் வெறும் திறைசேரியால் ஏழையைக் காப்பாற்ற முடியாது என்பதை அன்று கண்டோம். பணமுள்ளவர் தனியார் வைத்தியசாலைக்குப் போனார். நாம் எங்கே போவது?

பாரம் யார் தலையில்?

பெரிய வாகனம் வைத்திருப்பவர் அதிக பெற்றோல் எரிக்கிறார். அதிக வரி கொடுக்கிறார். இது நியாயமே. ஆனால் எரிபொருள் விலை பஸ் கட்டணத்திலும் லொறிக் கூலியிலும் உழவுக் கூலியிலும் புகுந்துகொள்கிறது. லொறிக்காரர் கூலியைக் கூட்டலாம். கடைக்காரர் விலையைக் கூட்டலாம். கமக்காரரோ சந்தையில் சொல்லும் விலைக்கே வெங்காயத்தைக் கொடுக்க வேண்டியவர். அவர் எவரிடம் கூட்டிக் கேட்பது?

இடம்பெயர்ந்தவருக்கு இன்னொரு சுமையும் உண்டு. இருப்பிடம் ஓரிடம், காணி வேறிடம். தோட்டத்துக்குப் போய்வர ஒவ்வொரு நாளும் எரிபொருள் வேண்டும்.

மண்ணெண்ணெய்யின் கதையையும் மறக்கக்கூடாது. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. இது புதிய வரியன்று. அடக்க விலைக்கும் குறைவாக விற்று வந்த சலுகையை நிறுத்தியதன் விளைவு. ஆனால் கமக்காரரின் மடிக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு போகத்துக்கு நீரிறைக்க 40 லீற்றர் தேவையென்று கொண்டால், 3,480 ரூபாவாக இருந்த செலவு 13,600 ரூபாவாயிற்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அலைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தோனேசியா காட்டும் பாடம்

2005 ஒக்டோபரில் இந்தோனேசிய அரசாங்கம் எரிபொருள் மானியத்தை வெட்டியது. விலை சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அதே வேளையில் ஒரு கோடி ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமான ஏழைக் குடும்பங்களுக்கு, மாதம் ஒரு இலட்சம் ரூபியா வீதம் பணமாகக் கொடுத்தது. விலையேற்றமும் உதவியும் ஒன்றாக வரலாம் என்பது நல்ல பாடம். ஆனால் பட்டியல் அவசரமாகத் தயாரிக்கப்பட்டதால் உரிய பலர் விடுபட்டனர். பதிவு ஓர் ஊரிலும் குடியிருப்பு இன்னோர் ஊரிலும் உள்ள நமக்கு இதுவே பெரிய எச்சரிக்கை.

எனது கருத்து

பெற்றோல் வரியைக் கூட்டுவதை நான் முற்றாக எதிர்க்கவில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும்.

1. அதிக வருமானமும் சொத்தும் உள்ளவர்களிடமிருந்து உரிய நேர்வரியை முதலில் அறவிட வேண்டும்.

2. நீரிறைப்புக்கும் உழவுக்கும் வேண்டிய எரிபொருளுக்கு நிவாரணம் இருக்க வேண்டும். வரி கூடும் நாளிலேயே அது கிடைக்க வேண்டும். தற்போது வசிக்கும் இடத்தில் வைத்தே இடம்பெயர்ந்த குடும்பங்கள் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும்.

3. சேரும் பணம் எந்தச் சேவைக்குச் செலவாகிறது என்பதை மக்கள் அறியும்படி வெளியிட வேண்டும். நமது ஊருக்கு வரும் பஸ்ஸும், கிராமத்து வைத்தியசாலையில் இருக்கும் மருந்தும் அதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

வரி கொடுப்பவர்கள் என்று நம்மை நாம் உணர்ந்தால், கையேந்துபவர்களாக அன்றி உரிமை கேட்பவர்களாகப் பிரதேச செயலகத்தின் படியில் ஏறலாம்.

கூட்டத்தில் கலந்துரையாட:

• கடந்த போகத்தில் உங்கள் குடும்பம் எரிபொருளுக்கு எவ்வளவு செலவிட்டது? எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

• உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் உள்ளது? எந்தப் பட்டியலில் விடுபட்டுள்ளது?

• வரிப்பணத்தால் உங்கள் ஊருக்கு முதலில் வரவேண்டிய சேவை எது?