கல்லாவைப் பூட்டியாச்சு... மனசைப் பூட்ட முடியலையா?

ராத்திரி ஒன்பது மணி. ஷட்டரை இறக்கியாச்சு. வீட்டுக்கு வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தால், மனைவி பேசுவது காதில் விழுகிறது, மண்டைக்குள் போகவில்லை. 'பாப்பாவுக்கு நாளைக்கு ஃபீஸ் கட்டணுங்க' என்கிறார் அவர். உங்கள் மனசோ, 'வேலூர் பார்ட்டி எப்போ பணம் போடுவான்?' என்று கணக்குப் பார்க்கிறது. அந்த நேரம் பார்த்துச் சின்னவன் தண்ணீர் தம்ளரைத் தட்டிவிட, பளாரென்று ஒரு அறை! அறைந்த பிறகுதான் உறைக்கிறது, அது வேலூர் பார்ட்டிக்குப் போயிருக்க வேண்டிய அறை என்று.

இது உங்கள் வீட்டிலும் நடக்கிறதா? அப்படியானால் கொஞ்சம் என்னோடு ஜவ்வாது மலைக்கு வாருங்கள். காற்று வாங்க அல்ல, வியாபாரம் பார்க்க!

போளூர் வழியாகவும் ஏறலாம், ஆலங்காயம் வழியாகவும் ஏறலாம். மேலே ஜமுனாமரத்தூர். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் சுற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. அங்கே விளைகிற சாமை, காட்டுத் தேன், புளி மூன்றுக்கும் கீழே நல்ல கிராக்கி. இந்தச் சரக்கை எடுத்துத் திருவண்ணாமலையில் கடை வைத்திருப்பவர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சாமை அறுவடை ஆனதும் வாங்கிப் போட்டாக வேண்டும். மூச்சு விடுவதற்குள் மாசி, பங்குனியில் புளி. கையிருப்பு முழுக்க இந்தச் சில மாதங்களில் மூட்டைகளாக மாறிவிடும். வருகிற பணமோ வருஷம் பூராவும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நடுவில் ஒரு மழை, மலைப்பாதையில் ஒரு மண்சரிவு, போதாததற்கு 'தேன்ல சர்க்கரை கலந்திருக்கே!' என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிற வாடிக்கையாளர்... டென்ஷன் வராமல் என்ன செய்யும்?

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை நினைத்த மாத்திரத்தில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் படபடக்கிறது, ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. பின்னாலேயே கார்டிசால் வந்து, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. கரடி துரத்தினால் ஓடுவதற்கான ஏற்பாடு இது! ஓடி முடித்ததும் எல்லாம் தணிந்துவிடும். ஆனால் செக் திரும்பி வந்தால் எங்கே ஓடுவது? நாற்காலியில் உட்கார்ந்தபடியே கொதிக்கிறோம். தினம் தினம் இப்படியே போனால் தூக்கம் கெடும், வயிறு எரியும், பி.பி. ஏறும். ஏற்கெனவே சர்க்கரை இருப்பவர்களுக்கு அளவு கட்டுக்குள் நிற்காது.

வேலை அதிகமாக இருப்பது மட்டும் காரணமல்ல. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-ல் எழுதிய கட்டுரை பிரபலமானது. வேலைப் பளு நிறைய, அதைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் மன அழுத்தம் அதிகம் என்றார் அவர். கவனியுங்கள். வியாபாரி தனக்குத் தானே முதலாளி, ஆனால் மழையும் விலையும் பாக்கிக்காரரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை!

ஆகவே, எது உங்கள் கைக்குள் இருக்கிறதோ அதைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்கள். சாமையை மொத்தமாக அரிசியாக்கி அடுக்கினால், தவிட்டில் உள்ள எண்ணெய்ச் சத்தால் சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். 'எப்போ விற்கும், எப்போ விற்கும்' என்று தூக்கம் போகும். உமியோடு காயவைத்து வைத்தால் நாள்பட இருக்கும். ஆர்டர் வர வர அரைத்துக்கொள்ளலாம். தேன் விஷயமும் அப்படித்தான். நல்ல தேனும் உறையும், குளிரில் சீக்கிரம் உறையும். இதை ஒரு அட்டையில் எழுதிக் கடையில் மாட்டி, 'வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்' என்று கீழே போட்டால், தினசரிச் சண்டை ஒன்று குறையும். மன அமைதிக்குத் தியானம் பற்றிப் பேசுகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை!

பாக்கிக்கும் வழி இருக்கிறது. நீங்களே அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிற குறு, சிறு தொழில்காரராகப் பதிவு செய்தவர் என்றால், 2006-ம் வருஷச் சட்டம் உங்கள் பக்கம். வாங்கியவர் 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வட்டி உண்டு. வெறுமே வாங்கி விற்பவர்களுக்கு இது பொருந்தாது. விவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். வீட்டுக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருக்கிறீர்களா? 'சொன்னா பயந்துடுவா' என்று மறைக்கிறீர்களா? கடனின் பாரம் ஒன்று, மறைப்பதன் பாரம் இன்னொன்று. ஒவ்வொரு போன் மணிக்கும் எழுந்து வாசலுக்கு ஓடுவதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். காரணம் தெரியாததால், அதைவிடப் பெரிசாக எதையோ நினைத்து அவரும் தூங்காமல் கிடக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, யாருக்கு எவ்வளவு, எந்த வட்டி என்று இருவருமாக எழுதிப் பாருங்கள். முதல் அரை மணி நேரம் கஷ்டமாகத்தான் இருக்கும். அழுகைகூட வரலாம். வரட்டுமே!

ஜமுனாமரத்தூரில் பழங்குடிப் பெண்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறார்கள். சாமை, தேன், புளி எல்லாம் அதில் உண்டு. இப்படிக் கூட்டாகச் செய்யும்போது நஷ்டம் வந்தாலும் ஒருத்தர் தலையில் விழாது. முடிவையும் நாலு பேர் உட்கார்ந்து பேசி எடுக்கலாம். கடையைத் தனியாக நடத்தும் உங்களுக்கு அந்த நாலு பேர், வீட்டில் இருப்பவர்கள்தான்.

தூக்கத்துக்கு ஒரு சுலபமான வழி. 2018-ல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தார் 57 இளைஞர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிஷம், மறுநாள் செய்ய வேண்டியதைத் தாளில் எழுதியவர்கள், அன்று செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கிவிட்டார்கள். சின்னச் சோதனைதான். ஆனால் செலவு ஒரு தாள். முயற்சி செய்தால் நஷ்டமில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் குடிக்கும் காபியில் கிட்டத்தட்ட பாதி, பதினோரு மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மத்தியானத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வரும்' என்பதும் பொய்க்கணக்கு. நடுராத்திரியில் முழிப்புத் தட்டிவிடும். அப்புறம், இருட்டு. ஜவ்வாது மலையின் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியை நிறுவியதற்கு அங்குள்ள இருண்ட வானமும் ஒரு காரணம். அந்த இருட்டில் கொஞ்சம் உங்கள் படுக்கையறைக்கும் வேண்டும். போனை ஹாலில் வைத்துவிட்டு வாருங்கள்.

படபடப்பு வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வருகிற மாதிரி ஐந்து நிமிஷம் போதும். கடை திறக்கும் முன் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

நெஞ்சு வலி, இடது கையில் வலி, வியர்த்துக் கொட்டுவது இதையெல்லாம் 'டென்ஷன்தான்' என்று ஒதுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, 'செத்துப் போயிடலாம்' என்ற எண்ணம் ஒரே ஒரு தடவை வந்தாலோ, 14416-க்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் இலவச சேவை இது. ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நீங்கள் கூப்பிடத் தயங்கினால், வீட்டில் இருப்பவர் கூப்பிட்டுக் கேட்கலாம்.