உங்களுக்குள் ஓடும் கடிகாரம்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சூளை பற்றவைக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரிசை வரிசையாகக் களிமண் பொம்மைகள். வெளியே வியாபாரி காத்திருக்கிறார். அவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சூளைக்காரர் தம் போக்கில்தான் வேலை செய்வார். முதலில் மண்ணிலுள்ள ஈரம் மெல்ல வெளியேற வேண்டும். 573 டிகிரி செல்சியஸை எட்டும்போது மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் உருமாறிச் சட்டென்று விரியும். ஆறும்போது அதே வெப்பநிலையில் சட்டென்று சுருங்கும். அங்கே விரைந்தால் விரிசல்தான். உச்ச வெப்பத்தில் சற்று நேரம் நிறுத்தி வைத்து, பிறகு நிதானமாக ஆறவிட வேண்டும். பாதியில் திறந்தால் சரக்கு பாழ்.

நம்முடைய உறக்கமும் இப்படி வரிசைக்கிரமமாக நடந்து முடிய வேண்டிய ஒரு வேலைதான். ஆனால் பொதுத்தேர்வு நெருங்கியதும் நம்மில் பலர் முதலில் கைவைப்பது உறக்கத்தின் மேல்தான். இரவு 12 மணிவரை படிப்பு. காலை 4 மணிக்கு அலாரம். ஆக, உறக்கம் 4 மணி நேரம்! இது லாபமா, நட்டமா? விடை காண வேண்டுமானால், நம் உறக்கத்தை ஆளும் கடிகாரம் எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இருட்டிலும் வேளை தெரியும்

தொட்டாற்சிணுங்கிச் செடி பகலில் இலைகளை விரித்து, இரவில் மூடிக்கொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சூரிய ஒளியால்தான் இப்படி நடக்கிறதா? 1729-ஆம் ஆண்டில் டி மைரான் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் இச்செடியை வெளிச்சம் புகாத இடத்தில் வைத்துப் பார்த்தார். இருட்டிலும் அது வேளை தவறாமல் இலைகளை விரித்தது, மூடியது. செடிக்குள்ளேயே ஏதோ ஒரு கடிகாரம் ஓடுகிறது!

நம் தமிழ்நாட்டிலும் இத்துறையில் உலகறிந்த ஆய்வு நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் மலைக்குகைகளில் வாழும் வௌவால்களை ஆராய்ந்தார்கள். குகையின் ஆழத்தில் இரவும் பகலும் ஒன்றே. வெப்பநிலையும் அதிகம் மாறாது. அப்படியானால் பொழுது சாய்ந்தது வௌவாலுக்கு எப்படித் தெரிகிறது? சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து, மற்ற வௌவால்கள் வாழும் அதே குகைக்குள் வைத்தார்கள். கூண்டிலிருந்தவை தம் கூட்டத்தாரின் நடமாட்டத்தை உணர்ந்து, நாள்தோறும் அதே நேரத்தில் சிறகடித்தன. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் தனியே வைத்தபோதோ, அவற்றின் ‘நாள்’ 24 மணியிலிருந்து சற்று விலகி, நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. இம்முடிவுகள் 1981-இல் வெளியாயின. இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. உடலுக்குள் கடிகாரம் உண்டு. ஆனால் அது துல்லியமானதன்று. வெளியிலிருந்து யாரோ நாள்தோறும் அதைத் திருத்தி வைக்க வேண்டியிருக்கிறது.

மனிதனின் ஒரு நாள் எவ்வளவு?

மனிதர்களையும் இப்படிச் சோதித்திருக்கிறார்கள். 1962-இல் மிஷேல் சீஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14-இல் அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றுதான் அவர் எண்ணியிருந்தார்! மனக்கணக்கு இவ்வளவு தவறியும், அவர் உடல் ஏறத்தாழ இருபத்துநாலரை மணிக்கு ஒரு முறை உறங்கி விழித்திருந்தது. மதுரையிலும் சந்திரசேகரன் குழுவினர் வெளியுலக ஒளியும் ஒலியும் புகாத தனிமை அறை ஒன்றை அமைத்து, தன்னார்வலர்களைத் தங்கவைத்து அவர்களுடைய உறக்கத்தையும் விழிப்பையும் பதிவு செய்தார்கள்.

1999-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்தபடி, மனித உடற்கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம். அந்த 11 நிமிடத்தை அற்பம் என்று தள்ளிவிடாதீர்கள். திருத்தாமல் விட்டால் பத்தே நாளில் 110 நிமிடம் பின்தங்கிவிடும்.

திருத்துவது யார்? சூரியன்தான். நம் விழித்திரையில் காட்சியைக் காண்பதற்காக அல்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதையே முக்கிய வேலையாகக் கொண்ட செல்கள் சில இருப்பதை 2002-இல் கண்டறிந்தார்கள். 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு அவை மிகவும் இசைகின்றன. அவற்றின் செய்தி மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்பு முடிச்சை அடைகிறது. அதுவே தலைமைக் கடிகாரம். இருட்டியபின் அதன் கட்டளைப்படி பினியல் சுரப்பி மெலட்டோனின் என்ற பொருளைச் சுரக்கிறது. ‘இரவு வந்துவிட்டது’ என்று உடல் முழுவதற்கும் அறிவிப்பு அது. செல்களுக்குள் இக்கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈக்களிடம் ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது ஒரு அளவு சொல்கிறேன். நண்பகல் வெயிலில் ஒளிர்வு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகமூட்டமான பகலிலும் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். டியூப்லைட் எரியும் அறையிலோ 100 முதல் 300 வரைதான். ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கடியில் படிக்கும் மாணவரின் கடிகாரத்துக்குக் காலை விடிந்ததே சரியாகத் தெரிவதில்லை!

தராசின் இரண்டாம் தட்டு

கடிகாரம் மட்டும் உறக்கத்தைத் தீர்மானிப்பதில்லை. விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச்சேர உறக்கம் நம்மை அழுத்துகிறது. உறங்கும்போது அது குறைகிறது. இரவில் கடிகாரமும் அடினோசினும் ஒரே பக்கம் இழுக்கும்போதுதான் ஆழ்ந்த உறக்கம் வருகிறது.

தேநீரும் காபியும் என்ன செய்கின்றன? அவற்றிலுள்ள காஃபீன், மூளையில் அடினோசின் அமர வேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. அசதி தீரவில்லை, அசதியின் அறிவிப்பு மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுள் உண்டு என்று படித்திருப்பீர்கள். உடலிலுள்ள காஃபீனுக்கும் அது உண்டு: ஏறத்தாழ 5 மணி நேரம். இரவு 9 மணிக்குக் குடித்த தேநீரின் காஃபீனில் பாதி, நள்ளிரவு 2 மணிக்கும் உங்கள் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

உறங்கும்போது நடக்கும் வேலை

ஓர் இரவின் உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி. உடல் வளர்ச்சிக்கான ஹார்மோன் அப்போதுதான் அதிகம் சுரக்கிறது. பின்னிரவுச் சுற்றுகளில் கண்மணிகள் இமைக்குள் வேகமாக அசையும் கனவு உறக்கம் மிகுதி. ஆகவே 4 மணி நேரத்தில் எழுந்துவிடுபவர் எல்லாவற்றிலும் பாதியை இழப்பதில்லை. கனவு உறக்கத்தின் பெரும்பகுதியை அவர் அடியோடு இழந்துவிடுகிறார்.

இதனால் படிப்புக்கு என்ன கேடு என்கிறீர்களா? 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு உளவியலார் அமெரிக்காவில் இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். படித்தவுடன் 8 மணி நேரம் உறங்கியபோது பாதிக்குமேல் நினைவில் இருந்தது. படித்தபின் 8 மணி நேரம் விழித்திருந்தபோது எஞ்சியது சுமார் பத்தில் ஒரு பங்குதான்! பகலில் படித்ததை மூளை உறக்கத்தில் மீண்டும் இயக்கிப் பதப்படுத்துகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதி செய்தன. பாடம் பச்சைக் களிமண் என்றால், உறக்கம்தான் அதைச் சுடும் சூளை.

மேலும், காலையில் எழுந்து தொடர்ச்சியாக 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 11 மணிக்கே அந்த நிலை வந்துவிடும்.

நீங்கள் சோம்பேறிகள் அல்லர்

13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். ஆனால் பதின்வயதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பருவமடையும்போது உடற்கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது. தம்பி தங்கைகள் 9 மணிக்கே கண்ணயர்ந்தாலும் உங்களுக்கு 10 அல்லது 11 மணிவரை உறக்கம் வராமல் இருப்பது இதனால்தான். விடியற்காலையில் எழ முடியாததற்கும் இதுவே காரணம். வீட்டில் இதைச் சோம்பல் என்று திட்டினால் இக்கட்டுரையைக் காட்டுங்கள்!

“தாத்தா நாலு மணிக்கே எழுந்து படித்தாராமே?” என்று கேட்கலாம். உண்மைதான். மின்விளக்கு இல்லாத அந்நாளில் அவர் இரவு எட்டு மணிக்கே படுத்துவிட்டார். எட்டு மணி நேரம் கழித்து எழுந்தார். 12 மணிக்குப் படுப்பவருக்கோ 4 மணி என்பது உடல் வெப்பநிலையும் விழிப்புணர்வும் மிகத் தாழ்ந்திருக்கும் நேரம். அப்போது புத்தகத்தைப் புரட்டலாம். மனத்தில் பதிவது மிகக் குறைவு.

இனி என்ன செய்யலாம்?

எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். படுக்கும் நேரத்தைக் கட்டளையிட்டு மாற்ற முடியாது. எழும் நேரத்தை மாற்ற முடியும். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில், மிஞ்சினால் ஒரு மணி தள்ளி, எழுங்கள். எழுந்த அரை மணிக்குள் வெளியே வாருங்கள். பல் துலக்குவதையும் ஒரு பாடத்தைப் படிப்பதையும் திண்ணையிலோ மாடியிலோ வைத்துக்கொள்ளலாம். சில நாள்களில் இரவு உறக்கமும் தானாக முன்னே நகரும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். அதன் திரையில் நீல ஒளி மிகுதி. அதைவிட, அது உங்களைப் படுக்கவே விடாது.

கடலூர் மாவட்டக் கோடையில் வெப்பமே பெரிய எதிரி. உறக்கம் வர உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். ஆனால் பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் தளம், இரவு முழுவதும் சூளைச் சுவர்போல அறைக்குள் வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. பொழுது சாய்ந்தபின் தளத்தில் நீர் தெளியுங்கள். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். படுக்குமுன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பதும் நல்லது. தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பம் வெளியேறும்.

சூளையிலோ நெய்வேலிச் சுரங்கத்திலோ இரவு முறை வேலை பார்ப்பவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அவர் தம் கடிகாரத்தை எதிர்த்து உழைத்துவிட்டு வருகிறார். பகலில் அவர் உறங்கும் அறையை இருட்டாக்குங்கள். வானொலி, தொலைக்காட்சியின் ஒலியைக் குறையுங்கள்.

அளந்து பாருங்கள்

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். நண்பர் ஒருவர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் சுழிக்குறிக்கு நேராக உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். விழுந்த தொலைவு = ½ × 9.8 × (நேரம்)² என்ற சமன்பாட்டில், தொலைவை மீட்டரில் இட்டால் நேரம் வினாடியில் கிடைக்கும். 15 செ.மீ. என்றால் 0.175 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.202 வினாடி, 25 செ.மீ. என்றால் 0.226 வினாடி.

நாள்தோறும் ஒரே நேரத்தில் பத்து முறை செய்து சராசரி எடுங்கள். முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள் என்பதையும் குறியுங்கள். 14 நாள் கழித்து, உறங்கிய நேரத்தைக் கிடை அச்சிலும் சராசரி நேரத்தைச் செங்குத்து அச்சிலும் வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.