கிருமி இல்லாமல் மூளும் நெருப்பு: சதையி அழற்சியில் வெண்குருதிக் கலங்களின் பங்கு

மாமாவுக்கு இரவு பத்து மணிபோல் மேல்வயிற்றில் நோ தொடங்கி முதுகுக்குப் பாய்ந்தது. காஸ்ரிக் என்று குளிசை போட்டுவிட்டு விடியும்வரை பொறுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் சதையி அழற்சி என்றார்கள்.

"கிருமி இல்லையாம், அன்ரிபயோட்டிக்கும் குடுக்கேல்லை. அப்ப இது என்ன வருத்தம்?" என்று மாமி கேட்டா. அதற்கான பதில்தான் இது.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையி, உணவைச் செரிக்கும் நொதியங்களைச் சுரக்கிறது. திரிப்சின் போன்றவை செயலற்ற வடிவில் வெளியேறி, சிறுகுடலை அடைந்த பின்பே வேலை தொடங்கும். பித்தக்கல் வழியை அடைத்தாலோ, மதுபானம் கலங்களைத் தாக்கினாலோ, திரிப்சின் சதையிக்குள்ளேயே செயற்படத் தொடங்கலாம். சதையி தன்னைத்தானே செரிக்கிறது என்று பிராக் நகரில் பணியாற்றிய நோயியலாளர் ஹான்ஸ் கியாரி 1896இலேயே கூறினார்.

நெருப்பை மூட்டுவது சதையியின் நொதியம். அதைப் பரப்புவதில் நிர்ப்பீடனக் கலங்களின் நொதியங்களுக்கும் பங்குண்டு. சேதமான கலங்கள் விடும் இரசாயன அழைப்புக்கு முதலில் ஓடிவருபவை நியூட்ரோபில்கள். கிருமியைக் கொல்ல அவை வைத்திருக்கும் எலாஸ்டேஸ், இங்கே சதையிக் கலங்களைப் பிணைக்கும் புரதத்தை வெட்டுகிறது. மயலோபெரொக்சிடேஸ் உண்டாக்கும் வீரியமான ஒட்சியேற்றிகள் இழையத்தைச் சிதைக்கின்றன.

அடுத்து வரும் மக்ரோபேஜ்கள், சிதைந்த கலத் துண்டுகளோடு செயலற்ற திரிப்சினையும் விழுங்குகின்றன. அவற்றுக்குள் இருக்கும் கத்தெப்சின் பி அதைச் செயற்பட வைக்கிறது. ஜேர்மனியின் கிரைப்ஸ்வால்ட் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள். துப்புரவாக்க வந்தவையே நெருப்பை வளர்க்கின்றன.

பெரும்பாலானோருக்கு ஒரு வாரமளவில் இது தணிந்துவிடும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கடுமையாகி, நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அழற்சியை நேரடியாக நிறுத்தும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. சேலைன், நோவுக்கு மருந்து, முடிந்தளவு விரைவாக உணவு, நெருங்கிய கண்காணிப்பு, இவைதான் சிகிச்சை. அன்ரிபயோட்டிக் தொற்று சேர்ந்தால்தான் தேவை.

மாமாவுக்குக் காரணம் பித்தக்கல். அவர் குடிப்பதில்லை. ஆனாலும் "குடிச்சுத்தான் வந்திருக்கும்" என்று ஊரில் பேசியது, வருத்தத்தைவிட மாமியை வாட்டியது. குடித்து வந்தவரென்றாலும் அவருக்கும் தேவைப்படுவது வைத்தியம்தான், ஏச்சு இல்லை.

முதுகுக்குப் பாயும் மேல்வயிற்று நோவும் விடாத வாந்தியும் வந்தால், காஸ்ரிக் என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.