பேட்டரி ஒயரைக் கழற்றினா கார் லாக் ரீசெட் ஆகுமா?

திருவள்ளூர் ஆலையில் 1998இல் மிட்சுபிஷி லேன்சர் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அதே வளாகத்துல சிட்ரோயன் சி3 தயாராகுது. இடைப்பட்ட காலத்துல கார் சாவி வெறும் இரும்பா இருந்தது போய் எலெக்ட்ரானிக்ஸ் ஆயிடுச்சு. நம்ம ஊர் வைத்தியம் மட்டும் மாறலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசல்ல நைட் ஷிப்ட் முடிஞ்சு வர்றவரோட வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா, முதல்ல வர்ற யோசனை: "பேட்டரி மைனஸைக் கழற்றி பத்து நிமிஷம் விடுங்க, ரீசெட் ஆயிடும்."

பெரும்பாலும் ஆகாது. காரில் இருப்பது ஒரு பூட்டு இல்லை, ரெண்டு.

ஒண்ணு அலாரம். ரிமோட்ல பூட்டிட்டு, சாவியால கதவைத் திறந்தா சில வண்டி கத்தும். ரிமோட் செல் தீர்ந்த அன்னைக்கு நடக்கிறது இதுதான். சாவியைப் போட்டு இக்னிஷனை ஆன் பண்ணினா பல வண்டியில அடங்கிடும். செல் மாத்தினா வேலை முடிஞ்சது.

இன்னொண்ணு இம்மொபிலைசர். சாவித் தலைக்குள்ள ஒரு சின்ன சிப் இருக்கு. அதுக்கு செல்லே வேண்டாம். இக்னிஷன் பூட்டைச் சுத்தியிருக்கிற காயில்தான் அதுக்கு மின்சாரம் தருது. சிப் சொல்ற பதில் சரியில்லைன்னா இன்ஜின் கம்ப்யூட்டர் வண்டியை ஓடவிடாது. சில வண்டி ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்ட்ல நின்னுடும், டேஷ்போர்டில் சாவிப் படம் மினுக்கும். இந்தப் பதிவு மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்துல இருக்கு. பேட்டரியைக் கழற்றி அழிக்க முடிஞ்சா திருடனும் அதைத்தானே செய்வான்!

அதனால முதல்ல ரெண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்க. ஒரே வளையத்துல வேற கார் சாவி இருந்தா கழற்றுங்க, அதோட சிப் குறுக்கிடலாம். பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா, செல் தீர்ந்த ரிமோட்டை எங்க வைக்கணும்னு கையேட்டில் இருக்கும். பல வண்டியில அந்தப் பட்டன் மேலேயே வைக்கணும்.

"ஒயரை வெட்டி பைபாஸ் பண்ணிடலாம் சார்"னு ஒருத்தர் சொல்வார். அமெரிக்காவுல இம்மொபிலைசர் இல்லாம வித்த ஹூண்டாய், கியா கார்களை 2021, 22இல் பசங்க யூ.எஸ்.பி. கேபிள் முனையை வெச்சே ஓட்டிட்டுப் போனாங்க. பைபாஸ் பண்ணின வண்டியும் அந்த நிலைமைதான்.

பழைய கார் வாங்கும்போது ரெண்டு சாவியையும் கேட்டு வாங்குங்க. ஒண்ணுதான் இருக்குன்னா, புதுச்சாவி கோடிங் செலவை விலையில கழிச்சுப் பேசுங்க. வண்டி திருடு போனா இன்சூரன்ஸ்காரங்களும் ரெண்டு சாவியையும்தான் கேட்பாங்க.