வயிற்றுக்குள் விட்டுவரும் கிளிப்: அது என்ன செய்கிறது?

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் எனத் தாமிரபரணிக் கரையோர ஊர்களிலிருந்து இரத்த வாந்தியுடனோ, தார்போல் கறுத்த மலத்துடனோ எங்களிடம் வருவோர் பலர். இவர்களுள் கணிசமானோருக்கு இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் இருக்கிறது. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் தாமாக வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகள் இப்புண்ணுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. புண் ஆழமாகி அடியிலுள்ள இரத்தக் குழாயை அரித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்நிலையில் எண்டோஸ்கோப்பி வழியாகக் குழாயின்மேல் உலோகக் கிளிப் பொருத்துகிறோம்.

வீடு திரும்பும்போது தரப்படும் குறிப்பில் "இரண்டு கிளிப்புகள் பொருத்தப்பட்டன" என்று படித்த உறவினர்கள், "வயிற்றுக்குள் இரும்பை விட்டுவிட்டீர்களா?" என்று கலங்குவதுண்டு. கிளிப் மறதியால் விடப்பட்டதன்று; புண் ஆறத் தொடங்கும்வரை அங்கேயே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது.

கருவியின் அமைப்பு

முள்வாங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு கைகளின்மீது ஒரு வளையத்தை நகர்த்தினால் நுனிகள் நெருங்கி மூடும். கிளிப்பும் அவ்வாறே இயங்குகிறது. நுனி வளைந்த இரு சிறு கைகளின் அடிப்பகுதி ஒரு குட்டையான உலோகக் குழலுக்குள் இருக்கிறது. கைகளை உள்நோக்கி இழுத்தால், குழலின் விளிம்பு அவற்றை நெருக்கி மூடிவிடும். விரிந்த நிலையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலமுள்ள இக்கைகள், மடங்கியபின் எண்டோஸ்கோப்பின் 2.8 மில்லிமீட்டர் துளைவழியே செல்ல வேண்டும்.

இழுக்கும் விசை வெளியிலுள்ள கைப்பிடியிலிருந்து ஒரு நீண்ட கம்பி வழியாகச் செல்கிறது. சைக்கிள் பிரேக்கில் கம்பியைச் சுற்றி உறை இருப்பதுபோல், இதிலும் நெருக்கமாகச் சுற்றிய சுருள் உறை உண்டு. உறை எளிதில் வளைய வேண்டும். ஆனால் கம்பியை இழுக்கும்போது நீளத்தில் சுருங்கலாகாது. சுருங்கினால் விசை நுனியைச் சேராமல் வழியிலேயே வீணாகும்.

மருத்துவர் புண்ணைப் பார்த்து நுனியை நிறுத்த, உதவியாளர் அவர் சொற்படி கைப்பிடியை இயக்குகிறார். பிடித்த இடம் சரியில்லையெனில், தற்காலக் கிளிப்புகள் பலவற்றை மீண்டும் திறந்து இடம் மாற்றலாம். இடம் உறுதியானதும் மேலும் இழுக்கும்போது கைகள் குழலோடு பூட்டிக்கொள்கின்றன; அதன்பின் கம்பியையும் கிளிப்பையும் சேர்க்கும் இணைப்பு விடுபடுகிறது. பூட்டு விழுந்த பின்னரே இணைப்பு விடுபட வேண்டும் என்பதே இவ்வடிவமைப்பின் நுட்பம். முன்னதாக விடுபட்டால் பிடி நிற்காது. விடுபடாவிட்டால் கருவியை வெளியே எடுக்க இயலாது.

இம்முறையை 1975இல் ஜப்பானில் ஹயாஷி குழுவினர் வெளியிட்டனர். எளிதில் கையாளத்தக்க மேம்பட்ட வடிவத்தை 1988இல் ஹச்சிசு விவரித்தார்.

எல்லாக் கசிவுக்கும் ஏற்றதா?

கன்னடியன் கால்வாயில் ஒரு வயலின் மடையை அடைத்தால் மற்ற வயல்களுக்கு நீர் நிற்பதில்லை. கிளிப்பும் கசியும் குழாயை மட்டும் அழுத்துகிறது; சுற்றியுள்ள திசுவைச் சுடுவதில்லை. எனினும் நாட்பட்டுத் தழும்பேறிய கடினமான புண்ணில் அது பதியாமல் நழுவலாம்; எட்டாத வளைவுகளில் பொருத்துவதும் கடினம். அப்போது வெப்ப முறையையோ, எண்டோஸ்கோப்பின் முனையில் ஏற்றிச் செல்லும் பெரிய கிளிப்பையோ நாடுகிறோம். கல்லீரல் சுருக்க நோயால் உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் கசிந்தால், வழக்கமாகக் கிளிப்புக்கு மாறாக ரப்பர் வளையத்தால் கட்டுகிறோம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

கிளிப் பெரும்பாலும் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானே கழன்று மலத்துடன் வெளியேறும். அது உங்களுக்குத் தெரியாமலும் போகலாம். சிலருக்கு மாதக்கணக்கில் நிலைத்திருப்பதும் உண்டு. ஆகவே எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் கிளிப் பொருத்திய நாளையும் அதன் வகையையும் தவறாமல் தெரிவியுங்கள். சில வகைகளுக்கு அப்பரிசோதனை கூடாது. சிலவற்றுக்கு நிபந்தனைகளுடன் செய்யலாம். குறிப்பைப் பத்திரப்படுத்துங்கள்.

கிளிப் கசிவை நிறுத்தும். புண்ணை ஆற்றுவது அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளே. ஹெலிகோபாக்டர் கிருமி இருப்பின் அதற்குரிய மருந்துகளையும் முழுமையாக உட்கொள்ள வேண்டும். வலி மாத்திரைகளைத் தாமாக வாங்காதீர்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் உட்கொள்வோர் அதைத் தாமாக நிறுத்தவும் வேண்டா, தொடரவும் வேண்டா, எங்களைக் கேளுங்கள்.

மீண்டும் கசியும் வாய்ப்பு முதல் மூன்று நாள்களில் மிகுதி. நலமாகத் தோன்றினாலும் நோயாளியை மருத்துவமனையில் இருத்திக்கொள்வது இதற்காகவே. வீடு திரும்பிய பின் இரத்த வாந்தி, கறுத்த மலம், தலைசுற்றல், மயக்கம், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆயினும் எதனால் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்யாமல் எங்களிடம் வந்து காட்டுங்கள்.