புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின்: முதியவர்களுக்கு ஓய்வு மட்டும் போதுமா?

குடலிலோ இரைப்பையிலோ இருந்த புற்றுநோய்க் கட்டியை அகற்றிக்கொண்டு வீடு திரும்பும் பெரியவர்களிடம் நாம் முதலில் சொல்வது, "வாப்பா, நீங்க அசையாம படுத்திருங்க, எல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்பதுதான். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அதுவே அவரைப் படுக்கையோடு முடக்கிவிடக் கூடும்.

வயது ஏற ஏறத் தசை குறைவது இயல்பு. இதை மருத்துவர்கள் 'சார்கோபீனியா' என்கிறார்கள். புற்றுநோயால் பசி குறைகிறது. அறுவைக்குப் பின் உடல் தன் தசையையே கரைத்து, அதிலுள்ள புரதத்தைக் காயம் ஆறப் பயன்படுத்துகிறது. படுக்கையும் சேர்ந்தால் இழப்பு இன்னும் வேகமாகும். 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆரோக்கியமான முதியவர்கள் 10 நாட்கள் படுக்கையிலேயே இருந்தார்கள். கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ அளவுக்குத் தசை குறைந்திருந்தது. அப்படியென்றால் அறுவை முடிந்தவர்களின் நிலை என்ன?

தசை குறைந்தவர் தடுமாறி விழலாம். தொற்றுக்கு எளிதில் ஆளாகலாம். கீமோதெரபியைத் தாங்க முடியாமல் மருந்தின் அளவைக் குறைக்கவும் நேரிடலாம்.

நாம் என்ன செய்யலாம்?

நடை: மருத்துவர் அனுமதித்தால் அறுவைக்கு மறுநாளே கை பிடித்து எழுப்பி நடக்க வைக்கலாம். வீட்டில் ஒரே நேரத்தில் அதிகம் நடப்பதைவிட, சில நிமிடங்கள் வீதம் பலமுறை நடப்பது நல்லது. வலி இருந்தால் நடையை நிறுத்திவிடாமல், வலி மருந்தை வேளை தவறாமல் கொடுங்கள்.

தசைப் பயிற்சி: உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. முதலில் 5 முறை போதும். கழிப்பறைக்கும் பள்ளிவாசலுக்கும் துணையின்றிப் போய்வர இந்தப் பலம்தான் வேண்டும். வயிற்றில் அறுவை செய்தவர்கள் மருத்துவர் சொல்லும்வரை கனமான எதையும் தூக்கக் கூடாது.

உணவு: வெறும் கஞ்சி போதாது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. எனவே மீன், கோழி, பருப்பு, தயிர் ஆகியவற்றை வேளைதோறும் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தலைச்சுற்றல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை தெரிந்தால் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அறுவைக்கு நாள் குறித்திருந்தால், காத்திருக்கும் வாரங்களிலேயே நடையையும் சத்துணவையும் தொடங்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும் முன், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்டிடம் எழுதி வாங்க மறக்காதீர்கள்.